உருளைக்கிழங்கு: எருவும் உரமும் – கேள்வி பதில்

கேத்தி வாசகர்: தொழு உரம் போட்டால் யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். மலைப்பகுதி உருளைக்குப் பரிந்துரை எக்டேருக்கு 15 டன் தொழு உரம். அதோடு தழை (நைட்ரஜன்; யூரியா தருவது இதைத்தான்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் 120:240:120 கிலோ. இரண்டும் சேர்ந்ததுதான் கணக்கு. ஏக்கருக்கு 6 டன் எரு, 48 கிலோ தழைச்சத்து என்று வரும். நல்ல எருவிலேயே தழைச்சத்து சுமார் அரை சதவீதம்தான். 6 டன்னில் 30 கிலோ. முதல் பருவத்தில் செடிக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மண் பரிசோதனை குறைக்கச் சொன்னால் மட்டும் குறையுங்கள்.

எருவின் பெரிய உதவி மணிச்சத்தில்தான். நீலகிரியின் அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மட்கிய எருவிலுள்ள அங்கக அமிலங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தும். ஆகவே மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை வயல் முழுக்க இறைக்காமல், நடவுச் சாலில் எருவோடு கலந்து இடுங்கள். மேலே கொஞ்சம் மண் தள்ளிவிட்டு விதைக்கிழங்கை வையுங்கள். உரம் நேரே பட்டால் முளை கருகும்.

கொடைக்கானல் வாசகர்: நட்ட பிறகு போடும் மேலுரம் எப்போது?

நட்ட 30ஆம் நாள், செடியடியில் மண் அணைக்கும்போது. மிகவும் தாமதித்து யூரியா போட்டால் இலைதான் செழிக்கும்.

தாளவாடி வாசகர்: புதுச் சாணம் போட்டேன். கிழங்குத் தோலெல்லாம் சொறி.

மட்காத சாணத்தை உருளை வயலுக்குக் கொண்டுபோகவே கூடாது. சொறி நோய்க்கு இடம் கொடுக்கும், வெள்ளைப் புழுவை வரவழைக்கும். எருவை அள்ளிப் பாருங்கள்: சூடோ நெடியோ இருக்கக் கூடாது, வைக்கோல் துணுக்கு அடையாளம் தெரியக் கூடாது. மண்ணின் அமிலத்தைக் குறைக்க இடும் சுண்ணாம்பையும் உருளைக்கு இடாமல் முந்தைய பயிருக்கே இட்டுவிடுங்கள்.

நுவரெலியா வாசகர்: 2021இல் இங்கே இலங்கையில் ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். எருவை மட்டும் வைத்துச் சமாளித்திருக்க முடியாதா?

மே மாதம் வந்த தடையை நவம்பரிலேயே விலக்க வேண்டியதாயிற்று. மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் போடுங்கள்: 48 கிலோ தழைச்சத்தை அதே பருவத்தில் எருவிலிருந்து மட்டும் எடுக்க ஏக்கருக்கு 29 டன் வேண்டும். அத்தனை எரு ஒரே பருவத்தில் எங்கிருந்து வரும்?

உதகை வாசகர்: ரசாயனம் பட்டால் மண் செத்துப்போகும் ஐயா. நீங்களே அதற்குப் பரிந்து பேசலாமா?

வேர் உறிஞ்சுவது நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும். அது எருவில் வந்ததா, மூட்டையில் வந்ததா என்ற வேறுபாடு வேருக்கு இல்லை. ஆனால் எருவே போடாமல் ஆண்டுக்கணக்கில் அம்மோனியம் சல்பேட் மட்டும் கொட்டினால் மண்ணின் அமிலம் ஏறும், கரிமச்சத்து கரையும். அந்த வயல்களைப் பார்த்துத்தான் நீங்கள் வருந்துகிறீர்கள், நானும் வருந்துகிறேன். அங்கே முதலில் போக வேண்டியது எரு.

உதகை வாசகர்: அப்படியானால் எரு போதும் என்கிறீர்கள்!

அப்படிச் சொல்லவில்லை. 29 டன் கணக்குக்குப் பதில் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

சென்னை வாசகர்: மாடியில் உருளை வருமா?

இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத காலத்தில் கிழங்கு பிடிப்பது கடினம். சேப்பங்கிழங்கு போடுங்கள்.

குன்னூர் வாசகர்: எரு போட்டால் யூரியாவைக் குறைக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கூடலூர் வாசகர்: கோழி எருவை அப்படியே போடலாமா?

கூடாது. மட்க வையுங்கள். தாளவாடிக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.