கையில அழுக்கு இருந்தா சானிடைசர் போதுமா?

சிஸ்டர், பேஷண்டுக்கு டயப்பர் மாத்தும்போது க்ளவுஸ் கிழிஞ்சு கையில மலம் பட்டுருச்சு, சீனியர் ரெண்டு தடவ சானிடைசர் போட்டா போதும்னாங்க, சரியான்னு கேட்டிருந்தீங்க. சரியில்லங்க. பத்து தடவ போட்டாலும் அந்த அழுக்கு கையிலேயேதான் இருக்கும், ஏன்னா ஆல்கஹால் கிருமியோட புரதத்த சிதைச்சுதான் அத கொல்லுது, ரத்தம் மலம் சளின்னு எது பட்டாலும் அதுலயும் புரதம் இருக்கு, அது கிருமிக்கு மேல போர்வ மாதிரி மூடிக்கும், ஆல்கஹால் உள்ள போய் சேராது. சோப்பும் தண்ணியும் அழுக்கையே கழுவி எடுத்துட்டுப் போயிரும், அதான் வித்தியாசம்.

2009 உலக சுகாதார நிறுவன வழிகாட்டியிலயே கண்ணுக்கு அழுக்கு தெரிஞ்சா சோப்பு போட்டுதான் கழுவணும்னு இருக்கு, மொத்தம் 40லருந்து 60 செகண்ட். கை சுத்தமா இருந்தா சானிடைசர்தான் பெஸ்ட், 20-30 செகண்ட்ல வேலை முடியும், அதுல சந்தேகமே வேணாம்.

இன்னொன்னு, அந்த பேஷண்டுக்கு க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்ங்கிற குடல் பாக்டீரியாவால வர்ற பேதின்னா கை பளிச்சுன்னு இருந்தாலும் கழுவிருங்க, அதோட ஸ்போர், அதாவது கெட்டி ஓடு போட்ட வித்து, ஆல்கஹாலுக்கு சாகாது. க்ளவுஸ் கிழியலன்னாலும் கழட்டினதும் கைய சுத்தம் பண்ணுங்க ப்ளீஸ். சிங்க் தூரமா இருக்குன்னா இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ்கிட்ட தைரியமா சொல்லுங்க, கேக்குறது உங்க உரிமை.