செல்லப்பிராணியும் கொண்டோ (தனியுரிமை அடுக்குமாடி வீடு) விற்பனையும்: ஒன்ராறியோ வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டு பூனைகள் வளர்க்கிறேன். எனக்கு வீட்டில் எந்த வாடையும் தெரியவில்லை. வீட்டை வாங்கப் பார்க்க வந்தவர்களோ பூனை வாடை அடிக்கிறது என்றார்களாம். நம்புவதா? (ஸ்காபரோ வாசகி)

நம்புங்கள். எந்நேரமும் ஒரே வாடைக்குள் இருப்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும். பூனை வளர்க்காத சிநேகிதி ஒருவரை அழைத்து, கதவைத் திறந்ததும் அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள்.

பூனையின் சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் காய்ந்து படிகமாகத் தங்கிவிடும். சோப்புத் தண்ணீர் அதை எடுக்காது. கோடையின் ஈரக்காற்று பட்டதும் வாடை மறுபடி கிளம்பும். செல்லப்பிராணிக் கடையில் விற்கும் என்சைம் திரவத்தை ஊற்றி, போத்தலில் குறிப்பிட்டுள்ள நேரம் முழுவதும் ஊறவிடுங்கள். அவசரப்பட்டுத் துடைத்தால் பயனில்லை. அமோனியா கலந்த திரவங்கள் வேண்டாம்: அந்த வாடையைச் சிறுநீர் என்று எண்ணிப் பூனை அதே இடத்துக்குத் திரும்பப் போகும். நீராவி இயந்திரமும் வேண்டாம், வெப்பம் கறையைக் கம்பள இழையோடு இறுக்கிவிடும். கம்பளத்தின் அடியிலுள்ள மெத்தைவரை நனைந்திருந்தால் இரண்டையும் கழற்றி எறிவதே வழி. அடியிலுள்ள கொங்கிறீற்றும் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வாடையை அடைக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) பூசிய பிறகே புதுத்தரை போடுங்கள்.

வாசனை மெழுகுதிரி ஏற்றாதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் அது கொடுக்கும்.

எங்கள் கட்டடத்தில் 25 இறாத்தலுக்கு மேற்பட்ட நாய்க்கு அனுமதியில்லை. என் நாய் அதைவிடப் பெரியது. இதுவரை யாரும் கேட்கவில்லை. "நாய் வளர்க்கலாம்" என்று விளம்பரத்தில் போடலாமா? (மிசிசாகா வாசகர்)

போடாதீர்கள். உங்களைக் கண்டும் காணாமல் விட்டது வாங்குபவருக்கும் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. பெரிய நாயோடு ஒருவர் உங்கள் பேச்சை நம்பி வாங்கிவிட்டு, பிறகு நாயா வீடா என்று தவிக்க நேர்ந்தால் அது பெரும் கொடுமை. வழக்காகி உங்களிடமும் வந்து நிற்கலாம்.

கட்டுப்பாடு எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டிக்ளரேஷனில், அதாவது கொண்டோவை உருவாக்கிய அடிப்படை ஆவணத்தில், இருந்தால் மாற்றுவது மிகக் கடினம். 80 அல்லது 90 சதவீத உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும். விதிகளில் இருந்தால் இயக்குநர் சபையே உரிமையாளர்களுக்கு முன்னறிவித்தல் கொடுத்து மாற்றலாம், ஆனால் உரிமையாளர்கள் கூட்டம் கோரி வாக்களித்து அதைத் தடுக்கவும் முடியும். ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிகேட்டை, அதாவது வீட்டின் நிலை பற்றிக் கொண்டோ நிர்வாகம் தரும் சான்றிதழை, நீங்களே முன்கூட்டி எடுத்துவையுங்கள். கட்டணம் வரி உட்பட 100 டொலருக்கு மேல் போகாது. 10 நாட்களுக்குள் தரவேண்டும். டிக்ளரேஷன், துணைவிதிகள், விதிகள் எல்லாம் அதனோடு வரும். நாய் பற்றி நிர்வாகம் உங்களுக்கு எப்போதாவது கடிதம் எழுதியிருந்தால் அதையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள். 2020 ஒக்டோபர் முதல் செல்லப்பிராணித் தகராறுகளைக் கொண்டோமினிய அதிகார சபையின் தீர்ப்பாயமும் விசாரிக்கிறது.

வீடு பார்க்க ஆட்கள் வரும்போது நாயைப் படுக்கையறையில் பூட்டிவைக்கலாமா? (மார்க்கம் வாசகர்)

கூடாது. முன்பின் தெரியாதவர்களின் காலடியும் பேச்சும் கதவுக்கு அப்பால் கேட்க, அடைபட்டுக் கிடக்கும் நாய் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். வந்தவர்களும் அந்த அறையைப் பார்க்காமலே திரும்புவார்கள். அந்த நேரத்துக்கு நாயோடு நடக்கப் போங்கள், அல்லது அதற்குப் பழக்கமான ஒருவர் வீட்டில் விடுங்கள். பூனையையும் அப்படியே. திறந்த கதவால் அது நழுவி மின்தூக்கிக்குள் போய்விட்டால் இருபது மாடிகளிலும் தேடவேண்டியிருக்கும்.

வாடகைக்கு இருப்பவர் நாய் வைத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் "செல்லப்பிராணி கூடாது" என்று எழுதியிருக்கிறேன். அதைக் காட்டி விற்பனைக்கு முன் வெளியேற்றலாமா? (எட்டோபிக்கோ வாசகர்)

அந்த வரி ஒன்ராறியோ சட்டப்படி செல்லாது. ஆனால் கட்டடத்தின் டிக்ளரேஷனில் தடை இருந்தால் அது வாடகையாளரையும் கட்டும். வீட்டைக் காட்டுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவியுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரைதான் நுழையலாம். நாயை வெளியே கொண்டுபோக அவருக்கு வசதியான நேரங்களைக் கேட்டு, முடிந்தவரை அந்த நேரங்களிலேயே பார்வையாளர்களை அழையுங்கள்.

வாங்க வருபவருக்குப் பூனை ஒவ்வாமை. பூனையைக் கொண்டுபோய்விட்டால் சரியாகிவிடுமா?

உடனே ஆகாது. ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம் பூனை போன பிறகும் பல மாதங்கள் தூசியில் தங்கும். பூனை இருந்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கம்பளமும் துணித்திரைகளும் அகற்றப்பட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.