அளத்தலைக் கற்பிக்கப் போகிறவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் மாவட்டத்தில் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக நான்காம் வகுப்பில் நீளம் அளத்தல் பாடம் எடுத்தேன். ஒரு சிறுவன் பென்சிலின் ஒரு முனையை அளவுகோலில் 1 என்ற கோட்டில் வைத்து, மறுமுனை 8-இல் முடிவதைப் பார்த்து, நீளம் 8 செ.மீ. என்றான். பூச்சியத்திலிருந்துதான் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாளும் அப்படியேதான் வைத்தான். வடிவங்கள் பாடத்தில், சதுர அட்டையைச் சாய்த்துப் பிடித்ததும் பாதி வகுப்பு அது சதுரம் இல்லை, ‘டைமண்ட்’ என்றது. துணைக்கருவிகள் செய்ய எங்களுக்கு இன்னும் அதிகமாகக் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. என் தோழிகளோ, சின்னப் பிள்ளைகள் கணக்கில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்கிறார்கள். காணி, குழி போன்ற நம் ஊர் நில அளவைகளை வகுப்பில் சொல்லலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வாசகி, கடலூர்

அன்புள்ள மாணவிக்கு,

துணைக்கருவி போதாமையால் வந்த சிக்கலாக எனக்கு இது தெரியவில்லை. அந்தச் சிறுவனின் கையில் அளவுகோல் இருந்தது. நீளம் அளக்க அதைவிட நல்ல கருவி வேறில்லை. அவன் அதில் கோடுகளையும் எண்களையும் கண்டான். இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் ஒரு சென்டிமீட்டர் என்பதை அவன் காணும்படி யாரும் செய்யவில்லை. பூச்சியத்தில் வை என்ற விதி அவன் கையைத் திருத்துமே தவிர, எதை எண்ணுகிறோம் என்ற குழப்பத்தைத் தீர்க்காது. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள காகிதத் துண்டுகளைப் பென்சிலின் அடியில் இடைவெளியின்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கச் சொல்லுங்கள். ஏழுதான் அடங்கும். தான் சொன்ன எட்டுக்கும் கண்ணெதிரே உள்ள ஏழுக்கும் கணக்குத் தீர்க்கும் பொறுப்பு அப்போது அவனுடையதாகிவிடும்.

உங்கள் தோழிகளுக்கும் ஒரு சோதனை உண்டு. முன்பகுதி உடைந்து 3-இல் தொடங்கும் அளவுகோலைக் கொடுத்தால், 11-இல் முடியும் குச்சியின் நீளம் 8 என்று எல்லோரும் கழித்துச் சொல்லிவிடுவார்கள். ஏன் கழிக்கிறோம், எதிலிருந்து எது போகிறது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லச் சொல்லுங்கள். விடை தெரிந்திருப்பதும் பிள்ளையின் தவறான விடைக்குப் பின்னால் உள்ள காரணத்தைக் கண்டறிவதும் வெவ்வேறு அறிவுகள். பாடப்பொருளைக் கற்பிப்பதற்கென்றே ஆசிரியருக்குத் தனியான ஓர் அறிவு வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதிய பிறகு கல்வியாளர்கள் இதை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நம் பயிற்சி வகுப்புகளிலோ தெர்மோகோல் வெட்டுவதற்கும் பாடக்குறிப்பேட்டை அழகாக எழுதுவதற்குமே பெரும்பொழுது போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

சாய்ந்த சதுரத்துக்கு வருகிறேன். டச்சுக் கணித ஆசிரியர்களான பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே என்ற தம்பதியர் 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வுகளிலிருந்து, வடிவியல் சிந்தனை படிநிலைகளாக வளர்கிறது என்ற கருத்து உருவானது. முதல் நிலையில் பிள்ளை வடிவத்தை அதன் மொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்கிறது. அடுத்த நிலையில் பக்கம், கோணம் போன்ற பண்புகளைக் கவனிக்கிறது. அதற்கும் அடுத்த நிலையில்தான் எல்லாச் சதுரமும் செவ்வகமே என்பது போன்ற தொடர்புகள் பிடிபடுகின்றன. வயது ஏறுவதால் மட்டும் இந்த நிலைகள் கைகூடுவதில்லை. எப்படிக் கற்பிக்கிறோம் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. நேர்நேராக வெட்டிக்கொள்ளும் புதுச்சேரித் தெருக்களில் நடந்து வளர்ந்த எனக்குச் செங்கோணம் காலுக்குப் பழக்கம்தான். ஆனாலும் அது தோற்றத்தின் பழக்கமே, பண்பைப் பற்றிய அறிவு அன்று.

உங்கள் வகுப்புப் பிள்ளைகள் ‘டைமண்ட்’ என்றதில் ஒரு நியாயமும் உண்டு. சாய்சதுரத்துக்கும் நான்கு பக்கங்களும் சமம்தான். அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும் கொத்தனார் பக்கங்களை அளந்ததோடு நிற்பதில்லை; மூலைக்கு மூலை டேப் பிடித்து, குறுக்களவுகள் இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார். பக்கங்கள் சரியாக இருந்தும் குறுக்களவுகள் வேறுபட்டால் கட்டடம் கோணலாகிவிடும். அந்தச் சோதனையையே ஒரு சதுர அட்டையிலும் ஒரு சாய்சதுர அட்டையிலும் பிள்ளைகள் செய்யட்டும். பிறகு சதுரத்தை எப்படித் திருப்பினாலும் அளவு மாறுகிறதா என்று கேளுங்கள். இது சதுரம்தான் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் சோதனைக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

பாகைமானியையும் இங்கே சொல்ல வேண்டும். கைகள் நீளமாக வரையப்பட்ட கோணமே பெரியது என்று நம்பும் பிள்ளைகள் ஏராளம். திரும்புதலின் அளவே கோணம் என்பதை உடலால் திரும்பிப் பார்க்காமல் கருவியைக் கையில் கொடுப்பது அவசரம்.

காணி, குழி பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான்காம் வகுப்புக்கு அவை தேவையில்லை. ஆசிரியராகப் போகிற உங்களுக்கு அவசியம் தேவை. நம் பக்கத்து வழக்கில் 24 அடிக் கோலைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, ஏறக்குறைய 132 சென்ட். ஊருக்கு ஊர் குழியின் அளவு மாறும் என்பதால், பொது அலகு எதற்கு என்ற கேள்வியும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பக்கம் இரண்டு கோல் உள்ள சதுரம் எத்தனை குழி என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு என்று சொல்லும் பயிற்சி மாணவர்கள் இருப்பார்கள், நான்கு என்பது வரைந்தால்தான் தெரியும். சதுரமான ஒரு காணியின் பக்கம் பத்துக் கோல், சுற்று வரப்பு 40 கோல். அதே காணி 5-க்கு 20 கோலாக நீண்டு கிடந்தால் வரப்பு 50 கோல். 4-க்கு 25 என்றால் 58. பரப்பளவு மாறாமலே சுற்றளவு மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சூத்திரங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீளம் பெருக்கல் அகலம் என்பது, ஒரு வரிசையில் இத்தனை குழி, இப்படி இத்தனை வரிசை என்று எண்ணியதன் சுருக்கம் என்று தெரிந்தவரே அதைப் பிள்ளைக்குத் தர வேண்டும்.

அடுத்த கற்பித்தல் பயிற்சிக்கு முன் தோழிகளோடு உங்கள் நிறுவன மைதானத்தில் ஒரு குழியைக் கயிற்றால் அளந்து நிறுத்திப் பாருங்கள். நான்கு முளைகளும் நூறடிக் கயிறும் ஒரு டேப்பும் போதும். மூலைக்கு மூலை ஏறத்தாழ 33 அடி 11 அங்குலம் வர வேண்டும்.