பறக்காத பட்டுப்பூச்சிக்கு என்ன நோய்?

கேள்வி: தர்மபுரியில் பட்டுப்புழு வளர்க்கும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து என் மகள் சில கூடுகள் எடுத்து வந்தாள். பூச்சிகள் வெளியே வந்துவிட்டன, ஆனால் ஒன்றுகூடப் பறக்கவில்லை, சர்க்கரைத் தண்ணீர் வைத்தாலும் தொடவில்லை. ஒன்று மட்டும் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. நோயா? வாசல் முருங்கையில் விட்டுவிடலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நோயெல்லாம் இல்லைங்க, அதன் சுபாவமே அதுதான். சீனாவில் ஏறக்குறைய 5,000 வருடங்களுக்கு முன் மனிதன் வளர்க்கத் தொடங்கிய இனம் இது. பெரிய கூடு கட்டும் புழுக்களையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் உடம்பு பருத்துவிட்டது, இறக்கை இருந்தும் தூக்கிக்கொண்டு பறக்கத் தெம்பில்லை.

சர்க்கரைத் தண்ணீரை எடுத்துவிடுங்கள். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிடத் தோதான வாயே கிடையாது. புழுவாக இருந்த 25 நாள் போல மல்பெரி இலையை மேய்ந்து, எடையை 10,000 மடங்கு ஏற்றிச் சேர்த்து வைத்ததுதான் இப்போதைய சாப்பாடு. அதை வைத்து ஒரு வாரம் ஓட்டும், அவ்வளவுதான் ஆயுசு.

படபடக்கிறதே, அது ஆண். வயிறு உப்பி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது பெண். அது வால்நுனியிலிருந்து ஒரு வாசனையை விடும், நம் மூக்குக்கு எட்டாது. ஆண் இறக்கையடித்துக் காற்றைத் தன் சீப்பு மாதிரியான உணர்கொம்புப் பக்கம் இழுத்து அதைப் பிடிக்கிறது. இந்த வாசனைப் பொருளைப் பிரித்தெடுக்க ஜெர்மனியின் பூட்டனாண்ட் என்ற வேதியியலாளர் சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளைப் பயன்படுத்தினார், கிடைத்தது சில மில்லிகிராம்தான்! 1959-ல் வெளியான அந்த முடிவுதான் பூச்சிகளின் இனக்கவர்ச்சிப் பொருள்களில் முதலில் அடையாளம் காணப்பட்டது.

முருங்கையில் விட வேண்டாம், எறும்போ காக்கையோ முடித்துவிடும். ஒரு தட்டில் காகிதம் விரித்து விடுங்கள், செம்பழுப்பாக ஏதாவது கழித்தால் ரத்தமோ என்று மகள் பயப்பட வேண்டாம், கூட்டிலிருந்து வந்ததும் எல்லாப் பூச்சியும் அப்படித்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு பெண் 300 முதல் 500 முட்டை வரை இடும்.

ஆனால் ஒன்று, அத்தனையும் பொரித்தால் கூடு கட்டும்வரை 10 கிலோ இலையாவது வேண்டும், முருங்கை இலையெல்லாம் உதவாது. பக்கத்தில் மருந்தடிக்காத மல்பெரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முட்டையை வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் பறித்த இலையை ஈரம் துடைத்துப் போடுங்கள், அந்த அறையில் கொசுவத்தி மட்டும் கொளுத்தவே கொளுத்தாதீர்கள்.