பொன்னிற அம்மோனைட்டில் பூக்கும் வெள்ளைப் பொடி
வணக்கம். இங்கிலாந்தின் சார்மவுத் கடற்கரையிலிருந்து உறவினர் கொண்டுவந்த பொன்னிற அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி) புதைபடிவத்தில் வெள்ளைப் பொடி பூத்துக் கந்தக வாடை வீசுவதாகவும், திருமங்கலத்து வீட்டில் அதைக் கழுவலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கழுவ வேண்டாம். ஓட்டின் இடத்தில் படிந்திருப்பது பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு. காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதை இரும்புச் சல்பேட்டாகவும் (நீங்கள் காணும் வெள்ளைப் பொடி இதுதான்) கந்தக அமிலமாகவும் மாற்றுகின்றன, அந்த அமிலம் பெயர்ச்சீட்டையும் அட்டைப் பெட்டியையும்கூட அரித்துவிடும். கையுறை அணிந்து, உலர்ந்த மென்தூரிகையால் பொடியை அகற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், மற்ற மாதிரிகளிலிருந்து விலக்கி வையுங்கள். மதுரையின் சித்திரை வெயிலைவிட ஐப்பசி மழைதான் இதற்குப் பகை. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் சிதைவு விரைவுபெறும். வார்னிஷ் பூசுவது, என் கருத்தில், வீண் வேலை. அது ஈரத்தை முழுதாகத் தடுக்காது, உள்ளே நடக்கும் அரிப்பை மட்டும் கண்ணுக்கு மறைத்துவிடும்.