கல்லாய்க் கிடக்கும் விதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சங்குப்பூ விதை 10 வாங்கி ஊன்றினேன். 12 நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் எல்லாம் கல்லுபோல அப்படியே இருக்கின்றன. மலட்டு விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள். நல்ல விதையை எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன உரம் போடலாம்? எத்தனை நாளில் பூக்கும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் சங்குப்பூ விதையைத்தான் உரசிக்கொண்டிருந்தேன். விரல்நுனியெல்லாம் கரும்பழுப்புத் தூள்.

உரம் வேண்டாம். இது அவரைக் குடும்பத்துக் கொடி. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாவே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும். நல்ல வெயில் பட்டால் இரண்டு மாதத்தில் பூக்கும். சரி, அதை விடுங்கள்.

மலடு என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செத்த விதையென்றால் ஈர மண்ணில் இத்தனை நாளில் ஊதி, கொழகொழத்து, நாறியிருக்கும். கல்லாகவே இருக்கிறதென்றால் உள்ளே உயிர் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். ஒரே மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அடுத்த வாரமே வெயில் காய்ந்தால் வம்சமே போய்விடும். அதனால் சில விதை இந்த மழைக்கு, சில அடுத்த மழைக்கு. இதற்கா மலடு என்று பெயர்? அதுவும் 12 நாளில் தோண்டிப் பார்த்துவிட்டு!

சின்ன வயதில் நானும் இப்படித்தான். சித்தி ஒரு டம்ளரில் விதை ஊறப்போட்டிருந்தாள். விடிந்து பார்த்தால் ஏழு விதை உப்பிக் கிடக்கிறது, மூன்று மட்டும் போட்டபடியே இருக்கிறது. "சொத்தை" என்று சொல்லித் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வீசிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, அதே இடத்தில், சிமெண்ட் விரிசலிலிருந்து ஒரு கொடி. சித்தி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சணல் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து குழாயில் கட்டி, தளிர்நுனியை அதில் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். மூன்றில் மற்ற இரண்டும் என்ன ஆயின என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

தோண்டியெடுத்த விதைகளை எறிந்துவிட்டீர்களா? எறிந்திருந்தால் முதலில் போய்த் தேடுங்கள். கழுவித் துடைத்து, நெற்றில் ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கமாக உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுங்கள். தோலுக்கடியில் வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் போனால் பருப்பு காயப்படும். அப்புறம் ராத்திரி முழுக்க ஊறட்டும். உப்பியதை அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி உரசுங்கள்.