மெட்டும் டிரம் லூப்பும்

அன்புள்ள ஐயா,

ஆப்பிளின் இசை மென்பொருளான கேரேஜ்பேண்டில் ஓர் இசைத்துணுக்கு செய்தேன். மெட்டு நான் கீபோர்டில் வாசித்தது. டிரம்ஸ் அதிலேயே வரும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் தாளத் துண்டு). ஸ்ட்ரிங்ஸுக்கு (வயலின் போன்ற தந்தி வாத்திய ஒலிக்கு) மட்டும் நண்பர் கொடுத்த கிராக் பிளகின், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த துணை மென்பொருள். ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு இதைக் கேட்கிறார்கள். 'முற்றிலும் என் சொந்தப் படைப்பு, முழு உரிமையும் தருகிறேன்' என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். விற்கலாமா? நாளைக்கு ஆப்பிள் பங்கு கேட்டு வருமா?

ம., தென்காசி

அன்புள்ள ம.,

தாராளமாக விற்கலாம். ஆப்பிள் பங்கு கேட்டு வராது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி (1957) இசைக்கு ஆசிரியர் அதை அமைத்தவர். எதில் வைத்து அமைத்தார் என்று சட்டம் கேட்பதில்லை.

எனக்கு உறுத்துவது அந்த டிரம்ஸ்தான். கேரேஜ்பேண்டின் உரிம ஒப்பந்தத்தை நம்மில் யாரும் படிக்காமலே 'ஏற்கிறேன்' அழுத்திவிடுகிறோம். படித்தால் விஷயம் தெளிவாகவே இருக்கிறது. லூப்பை உங்கள் சொந்த இசையில் ராயல்டி இல்லாமல் சேர்க்கலாம், ஒலிபரப்பலாம், விற்கலாம். லூப்பை மட்டும் உருவியெடுத்து விற்கவோ, சாம்பிள், பின்னணி இசை என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கவோ கூடாது. ரிஹானாவின் 'அம்பரெல்லா' (2007) பாட்டில் வரும் டிரம்ஸ், கேரேஜ்பேண்டில் இருக்கும் 'விண்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற லூப். உங்கள் மேக்கிலேயே தேடிக் கேட்டுப் பாருங்கள். பாட்டு உலகமெல்லாம் ஓடியது, ஆனாலும் லூப் அவர்களுக்குச் சொந்தமாகிவிடவில்லை. நீங்களும் அதைப் போட்டு நாளைக்கே ஒரு பாட்டுக் கட்டலாம்.

ஆகவே 'முற்றிலும் என் சொந்தப் படைப்பு' என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். விளம்பரக்காரர்கள் அதை நம்பி, பிறர் வீடியோவில் தங்கள் ஒலி வருகிறதா என்று தேடித்தரும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் ஏற்றப் போவார்கள். அங்கே தனியுரிமை (ஒருவருக்கு மட்டுமே உரிய உரிமை) உள்ள ஒலி மட்டும்தான் செல்லும், பலருக்கும் பொதுவான லூப் செல்லாது. அதே லூப்பை வைத்து இன்னொருவர் புகார் கொடுத்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். 'மெட்டு என்னுடையது, டிரம்ஸ் உரிமம் பெற்ற லூப்' என்று எழுதிவிடுங்கள். புராஜெக்ட் ஃபைலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

அப்புறம், 'முழு உரிமை'. எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் 19ஆம் பிரிவின்படி 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் பொருள். அது உங்களுக்குச் சாதகம் என்பதால் அவர்களே எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதி வந்ததைப் பார்த்துவிட்டுப் பணத்தைப் பேசுங்கள். இந்த விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி, மெட்டு உங்களிடமே என்று முடிந்தால் இன்னும் நல்லது.

கிராக் பிளகினை இன்றைக்கே தூக்கிவிடுங்கள். அதனால் மெட்டு உங்கள் கையைவிட்டுப் போகாது என்பது உண்மை. ஆனால் திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவில் குறைந்தது 7 நாள், அதிகம் 3 ஆண்டு சிறை, 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை அபராதம். காசுக்குச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிடலாம், நீங்களோ காசு வாங்கப் போகிறீர்கள். கேரேஜ்பேண்டிலேயே ஸ்ட்ரிங்ஸ் இருக்கிறதே, நகைக்கடைக்கு அது போதும்.

அவர்கள் தனியுரிமைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் லூப்பை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தவில்காரர்களுக்கா பஞ்சம்? ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கவைத்துப் பதிவு செய்யுங்கள். அவருக்கான பணத்தைக் கொடுத்து, எழுத்தில் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செலவையும் நகைக்கடை பில்லிலேயே சேர்க்கலாம்.